ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கினால் பிரீமியம் குறையுமா?

கேள்வி: வேளச்சேரியில் எங்களுக்குத் தனி வீடு, 900 சதுர அடி. 2015-இல் இடுப்பளவு தண்ணீர், 2023 மிக்ஜாம் புயலில் முழங்கால் அளவு. வீட்டுக் கடன் வாங்கியபோதே வங்கியில் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டோம். அது போதாதா? பருவநிலை மாற்றத்தால் பிரீமியம் ஏறிக்கொண்டே போகுமா? அடுத்த கோடையில் ஜாக்கி வைத்து வீட்டை மூன்றடி உயர்த்தப் போகிறோம். அதற்குக் கம்பெனி ஏதாவது குறைக்குமா?

பதில்: முதலில் பீரோவைத் திறந்து அந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனைக் கட்டும் என்று இருந்தால், அது ஆயுள் காப்பீடு. சுவர் இடிந்தாலும் ஃப்ரிட்ஜ் மிதந்தாலும் அதிலிருந்து ஒரு பைசா வராது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதைத்தான் வீட்டு இன்சூரன்ஸ் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது ‘பாரத் கிருஹ ரக்ஷா’. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2021 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த பொதுவான பாலிசி இது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான், வெள்ளமும் புயலும் அதில் அடக்கம். வேளச்சேரியில் மனை என்ன விலை போகிறது என்பது இங்கே கணக்கில் வராது. மறுபடி கட்ட எவ்வளவு ஆகும் என்பதுதான் கணக்கு. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 22.5 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 4.5 லட்சம், வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் கொடுக்காமலே சேர்ந்துவிடும் (உச்சவரம்பு 10 லட்சம்). காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க்கூடக் கட்டடக் கணக்கில் வரும். நகைக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண மழையில் மொட்டை மாடி ஒழுகுவதற்கெல்லாம் பணம் கேட்க முடியாது.

பிரீமியம் ஏறுமா? ஏறும் என்றுதான் நினைக்கிறேன். கலிஃபோர்னியாவில் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் 2023 மே மாதத்தில் புதிய வீட்டுப் பாலிசிகளையே நிறுத்தியது. காட்டுத்தீ போன்ற பேரிடர் அபாயமும் கட்டுமானச் செலவும் மறுகாப்பீட்டுச் செலவும் (கம்பெனிகள் தங்களுக்கே எடுத்துக்கொள்ளும் இன்சூரன்ஸ்) கூடிவிட்டன என்பது அவர்கள் சொன்ன காரணம். நம் ஊரில் நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை, உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். இந்த பாலிசியை 10 ஆண்டு வரை சேர்த்தே எடுக்கலாம். கையில் பணம் இருந்தால் அப்படி எடுங்கள், இன்றைய விலையிலேயே நிற்கும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஏஜென்டைத் தேடாதீர்கள்.

ஜாக்கி விஷயத்தில் எனக்கே கோபம் உண்டு. வீட்டை உயர்த்துகிறவர், மீட்டர் பெட்டியையும் இன்வெர்ட்டரையும் மேலே ஏற்றுகிறவர், இவர்களால் கம்பெனிக்குத்தான் கிளெய்ம் குறைகிறது. ஆனால் தனி வீட்டுப் பாலிசியில் அதற்கென்று தள்ளுபடி தருவதை நான் பார்த்ததில்லை. வெள்ளத்துக்குத் தயாராகிறவருக்குச் சலுகை தராமல் பருவநிலை பற்றி விளம்பரம் செய்து என்ன பயன்? சரி, தள்ளுபடி இல்லாவிட்டாலும் உயர்த்துங்கள். வேலை தொடங்கும் முன் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஜாக்கி வேலையில் சுவர் விரிசல் விட்டால் அது வெள்ளச் சேதம் ஆகாது. பொறுப்பு யாருடையது என்று ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், இன்னொன்று. 2015-இல் என் மாமனார் நாற்றம் தாங்காமல் வாஷிங் மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். நான்கு நாள் கழித்துச் சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர், “பொருள் எங்கே?” என்றார். எங்களிடம் பில்லும் இல்லை, படமும் இல்லை. இன்றைக்கே போனை எடுத்து அறை அறையாக வீடியோ எடுங்கள், ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் மாடல் எண் வரை. கார் இருந்தால் அதன் பாலிசியில் இன்ஜின் பாதுகாப்பு இணைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அந்த இணைப்பு இல்லாதவர்களுக்கு வழக்கமாகக் கைவிரித்துவிடுவார்கள்.