ஆறாயிரம் ரூபாய் டேப்லெட்

கேள்வி: பையன் பிளஸ் ஒன் போகிறான். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன். லோடு ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் காலையிலேயே அதை எடுத்துப் போய்விடுவார். மதுரை டவுன்ஹால் ரோட்டில் 7 இன்ச் டேப்லெட் பார்த்தோம். 6,000 ரூபாய், 4 ஜிபி ரேம், வைஃபை மாடல். கையில் சீட்டுப் பணம் 10,000 இருக்கிறது. மீதியில் தையல் மெஷினுக்கு மோட்டார் போட ஆசை. வாங்கலாமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேண்டாம் சகோதரி. வைஃபை மாடலில் சிம் போட முடியாது. வீட்டில் பிராட்பேண்ட் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால்தான் நெட். போனோ ஆட்டோவோடு ஊர் சுற்றுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன், அப்பா எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த 4 ஜிபி கணக்கையும் பெட்டியில் பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள். சில பெட்டிகளில் '2+2' என்று இருக்கும். நிஜ ரேம், அதாவது திறந்து வைத்திருக்கும் ஆப்களைத் தாங்கும் நினைவகம், 2 ஜிபிதான்; மற்றது ஸ்டோரேஜிலிருந்து எடுத்த கடன், வேகமும் மட்டு. அந்த நிஜ 2 ஜிபியில் பெரும்பங்கை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும். என் மச்சினன் மகளுக்கு இப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வீடியோ வகுப்பை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், திரும்பி வரும்போது வீடியோ முதலிலிருந்து ஓடும். எட்டாவது மாதம் சார்ஜிங் பின் ஆடியது. பின்னைவிட என் மச்சினன் ஆடியதுதான் அதிகம்.

பாடநூல்கள் பிடிஎஃப்-ஆக இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் 7 இன்ச்சில் இயற்பியல் சமன்பாட்டைப் படிக்க வரிக்கு வரி பெரிதாக்கி இழுக்க வேண்டும். 10 இன்ச் என்றால் மூன்று இன்ச்தானே கூடுதல் என்று தோன்றும். பரப்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிம் போடுகிற, நிஜமாகவே 4 ஜிபி உள்ள 10 இன்ச் மாடல் உங்கள் பத்தாயிரத்துக்குள் அடங்குவது சிரமம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வீட்டுக்காரருக்கு ஒரு பட்டன் போன் வாங்குவேன். ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடியும். அவர் நம்பர் அதற்குப் போகட்டும், வீட்டில் நிற்கும் ஸ்மார்ட்போனுக்குப் புது சிம். வாடகைப் பணம் க்யூஆர் ஸ்டிக்கர் வழியாக வந்தாலும் பேங்க் மெசேஜ் பட்டன் போனுக்கு வந்துவிடும். மாதா மாதம் கூடுதலாக ஒரு ரீசார்ஜ் உண்டு. டேப்லெட்டுக்கு சிம் போட்டாலும் அந்தச் செலவு இருக்கத்தான் செய்யும். மோட்டாரை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

அடுத்த சீட்டில் டேப்லெட் எடுப்பதானால் பையனையும் கூட்டிப் போங்கள். அவன் புத்தகத்தின் பிடிஎஃப்பைக் கடையிலேயே திறக்கட்டும். செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் தேதி இரண்டு வருடம் பழையது என்றால் கீழே வைத்துவிடுங்கள். பில் போட்டால் ஜிஎஸ்டி தனி என்று கடைக்காரர் இழுத்தால் பெட்டியிலிருக்கும் எம்.ஆர்.பி.யைக் காட்டுங்கள், வரியெல்லாம் சேர்ந்த விலைதான் அது. பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு வீடியோவை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.