ஆர்னிஸ், எஸ்க்ரிமா: பிலிப்பைன்ஸ் சண்டைக்கலைக்கு ஏன் ஸ்பானியப் பெயர்?

பிரம்புக்கழி, கத்தி, கடைசியில் வெறுங்கை என்று பழகும் பிலிப்பைன்ஸ் தற்காப்புக்கலைதான் ஆர்னிஸ். எஸ்க்ரிமா என்பதும் அதுவே.

300 ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயின் ஆண்டதால் பெயர்கள் ஸ்பானிய மொழியில் ஒட்டிக்கொண்டன. ‘எஸ்கிரிமா’ என்றால் வாள்வீச்சு, ‘ஆர்னேஸ்’ என்றால் கவசம். நம் வீட்டு ஜன்னலும் அலமாரியும் போர்ச்சுகீசியச் சொற்கள்தானே, அப்படித்தான்.

ஆயுதம் ஏன் முதலில்? வெட்டு வரும் கோணத்தைத்தான் இதில் படிக்கிறார்கள். கரண்டியோ துடைப்பமோ, சுழல்வது அதே மணிக்கட்டு. சுமார் 70 செ.மீ. கழியில் பழகிய வீச்சு கத்திக்கும் கைக்கும் அப்படியே பொருந்தும். 2009இல் சட்டம் போட்டு இதைத் தேசிய விளையாட்டாக்கினார்கள்.

அப்புறம், ‘காலி’ என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. உடனே நம் காளியம்மனோடு முடிச்சுப் போடுகிறார்கள், அதற்கு ஆதாரமில்லை.