அமெச்சூர் வானொலி உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு அவசியமா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியை இயக்க விரும்பும் ஒருவர், குறுகிய, நீண்ட ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் முறைக்கான தேர்வை நீக்கியதால் உரிமத்தின் தரம் குறைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். குறைந்துவிடவில்லை என்பதே என் கருத்து. 30 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குக் கீழே இயங்குவோர் மோர்ஸ் அறிந்திருக்க வேண்டும் என்ற அனைத்துலக விதி, 2003இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் தளர்த்தப்பட்டு, முடிவு அந்தந்த நாட்டிடம் விடப்பட்டது. பிரிட்டன் அதே ஆண்டிலும் அமெரிக்கா 2007இலும் தேர்வைக் கைவிட்டன. கப்பல்களே 1999இல் மோர்ஸைக் கடந்து புதிய அபாய அழைப்பு முறைக்கு மாறிய பிறகு, பொழுதுபோக்காளரிடம் மட்டும் அதைக் கட்டாயப்படுத்துவதற்கு வலுவான காரணம் இல்லை.

ஆனால் கற்பது வேறு. பேச்சு ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தை எடுத்துக்கொள்ள, மோர்ஸுக்கு ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸே போதுமென்பதால், மின்தூக்கியும் எல்இடி விளக்குகளும் எழுப்பும் இரைச்சலுக்கிடையே, சன்னலோரக் குட்டி ஆண்டெனாவிலிருந்து சில வாட் திறனில் சென்றாலும் அது கேட்கும். ஒவ்வொரு நிலையத்தையும் அடையாளம் காட்டும் அழைப்புக்குறிகளில், சிங்கப்பூருக்குரியவற்றின் தொடக்கமான ‘9வி’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்: நான்கு நெடில், ஒரு குறில், பிறகு மூன்று குறில், ஒரு நெடில். யாப்பு படித்த காதுக்கு இது புதிதல்ல. தாளில் புள்ளிகளை எண்ணாமல் ஒலியாகவே பழகுங்கள்.