மரமும் மானும்

அன்புள்ள ஐயா,

மெட்டாசெக்வோயா மரத்தைப் பற்றியும் மிலு மானைப் பற்றியும் தனித்தனியே எழுதியிருந்தீர்கள். இரண்டும் சீனாவில் அழிவின் விளிம்புக்குப் போய் மீண்டவை. மரத்தைக் காப்பாற்றுவது மானைக் காப்பாற்றுவதைவிடச் சுலபம் என்று எனக்குப் படுகிறது. சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தொடக்கத்தில் சுலபம்தான். 1941-இல் ஜப்பானியத் தாவரவியலாளர் ஷிகேரு மிகி இந்த ஊசியிலை மரத்துக்குப் பெயர் வைத்ததே புதைபடிவங்களைப் பார்த்து. உயிருள்ள மரங்கள் ஹூபெய் மாகாணத்துப் பள்ளத்தாக்கில் நிற்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 1948-இல் அமெரிக்காவின் அர்னால்டு தாவரத் தோட்டம் விதைகளைப் பல நாடுகளுக்கு அனுப்பியது. இன்று உலகெங்கும் பூங்காக்களில் அது வளர்கிறது.

மானை அப்படிப் பொட்டலம் கட்டி அனுப்ப முடியாது. பெய்ஜிங்குக்குத் தெற்கே, அரசரின் வேட்டைத் தோட்டத்து மதிலுக்குள் மட்டும்தான் மிலு மிஞ்சியிருந்தது. 1895 வெள்ளத்தில் மதில் இடிந்தது. வெளியே வந்த மான்களைப் பசித்த மக்கள் அடித்துத் தின்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிச்சமிருந்தவை 1900-இல் நடந்த கலவரத்தோடு போயின. ஐரோப்பிய விலங்குப் பூங்காக்களுக்கு முன்பே போயிருந்தவற்றில் 18 மான்களை பெட்ஃபோர்டு பிரபு இங்கிலாந்தில் தன் வோபர்ன் பண்ணையில் சேர்த்தார். அவற்றில் இனம் பெருக்கியவை 11. இன்றுள்ள மிலு மான்கள் எல்லாம் அந்தப் பதினொன்றின் வழிவந்தவை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். 1985-இல் மான்கள் அதே பழைய தோட்டத்துக்குத் திரும்பின. மறு ஆண்டு 39 மான்கள் ஜியாங்சு கடற்கரையில் தாஃபெங் காப்பகத்துக்கு வந்தன. 1998-இல் யாங்சி ஆற்று வெள்ளம் ஹூபெயில் உள்ள ஷிஷோவ் மிலு காப்பகத்துக்குள் புகுந்தபோது சில மான்கள் தப்பி வெளியேறின. அவற்றின் வழிவந்தவை இன்று வேலியில்லாத சதுப்பு நிலங்களில் குட்டி போட்டு வாழ்கின்றன. அழிந்துவரும் இனங்களின் பட்டியல்களில் இன்னும் ‘இயற்கையில் அற்றுப்போன இனம்’ என்றே இருந்தாலும், அது வீடு திரும்பிவிட்டது என்றே சொல்வேன்.

மரத்துக்கு அது வாய்க்கவில்லை. ஹூபெயின் லீச்சுவான் பகுதியில் சுமார் 5,000 முதிய மரங்கள் நிற்கின்றன. அடிக்காட்டை அழித்து வயலாக்கிவிட்டார்கள். அதன் சின்னஞ்சிறு விதை முளைக்க ஈரமும் வெளிச்சமும் கலைக்கப்படாத மண்ணும் வேண்டும். அங்கே தானாக முளைக்கும் கன்றுகள் மிக அரிது. உலகமெல்லாம் நட்டு வளர்த்த பிறகும் அது அருகிவரும் இனமாகவே பட்டியலில் நீடிப்பது இதனால்தான்.

எனவே எனக்குக் கவலை மரத்தைப் பற்றித்தான் அதிகம். லீச்சுவான் போக வாய்த்தால், உயர்ந்து நிற்கும் கிழமரங்களை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் அவற்றின் காலடியில்தான் தேடுவேன், யாரும் நடாத ஒரு கன்று கண்ணில் படுகிறதா என்று.