கைப்பேசியில் இருப்பது கதைதான் என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 51. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். தந்தையார் காலத்திலிருந்து எங்களுக்கு இதுதான் தொழில். வியாபாரிகளிடம் வெள்ளியை எடை போட்டு வாங்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, சலங்கை கோத்து, மெருகேற்றி, மறுபடியும் எடை போட்டுக் கொடுத்துக் கூலி வாங்குகிறோம். பட்டறைக் கணக்கு முழுவதும் என் மனைவியின் பொறுப்பு. சனிக்கிழமை மாலையில் ஆட்களுக்குக் கூலியைப் பிரித்துக் கொடுப்பதும் அவள்தான். ஒரே மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஊரார் குறை சொல்லும்படி எதுவும் இல்லாத குடும்பம்.

நான் காதல் கதைகள் படிப்பவன். இந்த ஒரு வரியை எழுதுவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது என் அக்காவுக்காக வாடகை நூல்நிலையத்துக்குச் சைக்கிளில் போய் நாவல்களை மாற்றிக்கொண்டு வருவது என் வேலை. வரும் வழியில் மர நிழலில் சைக்கிளை நிறுத்தி, முதல் அத்தியாயத்தையாவது படித்துவிட்டுத்தான் வீடு வந்து சேர்வேன். அக்காவுக்குத் திருமணம் ஆனதும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. மகள் விடுதிக்குப் போகும் முன் என் கைப்பேசியில் கதைகள் படிக்கும் செயலி ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள். சரித்திரக் கதை படிப்பேன் என்று நினைத்திருப்பாள். நான் தேடிப் போனது அக்காவின் கதைகளைத்தான். அவற்றில் ஆபாசம் எதுவும் கிடையாது. பெரியவர்களின் கட்டாயத்தால் மணம் முடித்துக்கொண்ட இருவர் மெல்ல மெல்லப் பழகி, ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் கதைகள். கையைப் பிடிப்பதற்கே இருபது அத்தியாயம் ஆகும்.

ஒரு நாள் இரவு படித்துக்கொண்டிருந்தேன். கதாநாயகிக்குப் பாலில் ஆடை மிதந்தால் பிடிக்காது என்பதை எப்படியோ கவனித்து வைத்திருந்த கதாநாயகன், யாருக்கும் தெரியாமல் அதை வடிகட்டிக் கொடுக்கிறான். அந்த இடத்தில் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். தூங்குகிறாள் என்று நான் நினைத்திருந்த மனைவி எழுந்து உட்கார்ந்து, "யாருங்க அது?" என்று கேட்டாள். நான் பதறிப்போய், "யாருமில்ல, வெள்ளி விலை பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன். வெள்ளி விலையைப் பார்த்துச் சிரிக்கும் பட்டறைக்காரன் சேலத்தில் உண்டா? அன்று முதல் அவள் கூடத்தில் படுத்துக்கொள்கிறாள். பேச்சு கணக்கு வழக்கோடு நின்றுவிட்டது. அம்மாபேட்டையில் இருக்கும் என் மச்சானிடமும் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அவர் வந்து, "வயசுக்கு வந்த பொண்ணு இருக்கு மாப்ள, பார்த்து நடந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நம்பினாலும் விஷயம் பட்டறைவரை போய்விடும் என்று பயமாக இருக்கிறது. பெண் சகவாசம் என்று நினைத்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைச் சொல்லிச் சிரிப்பார்களே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது. இந்த வயதில் ஓர் ஆண் இவற்றைப் படிப்பது மனக்கோளாறா? படிப்பதை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நான் என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

*

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: இது மனக்கோளாறு அன்று. காதல் கதை படிப்பதை நோயாகக் கருதும் மருத்துவ நூல் எதுவும் இல்லை. 51 வயதிலும் அப்படித்தான், ஆணுக்கும் அப்படித்தான். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறொரு வரி. பெண் சகவாசம் என்ற பழியைக்கூடத் தாங்கிக்கொள்வேன், காதல் கதை படிக்கிறேன் என்பது தெரியக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழியைச் சுமப்பவர் நீங்கள் மட்டுமல்லர். கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் உங்கள் மனைவியும் ஒவ்வோர் இரவும் அதைச் சுமக்கிறார். அதுவும் நடக்காத ஒன்றுக்காக. உங்கள் கூச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் கொடுக்கும் விலை மிகவும் அதிகம்.

அந்தக் கூச்சத்தையே சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் காதல் நாவல் எழுதுபவர்களுக்கு 1980-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். எதைக் காதல் நாவல் என்று சொல்லலாம் என்பதற்கு அது வைத்த வரையறையில் இரண்டே கூறுகள்தாம்: கதையின் நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு நம்பிக்கையும் நிறைவும் தர வேண்டும். அங்கே கதைகளைச் சூட்டின் அளவைக் கொண்டும் பிரித்து விற்கிறார்கள். படுக்கையறைக் கதவு மூடியே இருக்கும் கதைகளுக்கு ஸ்வீட் ரொமான்ஸ் என்று பெயர். உங்கள் அக்கா வாடகைக்கு எடுத்துப் படித்தவையும், பேருந்து நிலையக் கடைகளில் கொடியில் தொங்கிய மாத நாவல்களில் பலவும், 2014-இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் இன்று தொடராக வருபவற்றில் ஒரு பெரும் பகுதியும் ஏறக்குறைய இந்த வகைதான். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே, இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேலி செய்பவர்கள் உண்டு. முடிவு தெரிந்திருப்பதுதான் அதன் பயன் என்று நான் நினைக்கிறேன். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று ஆடும் பொருளை நம்பிப் பிழைப்பவர் நீங்கள். விலை ஏறினால் வியாபாரிகள் ஆர்டரை நிறுத்திவைப்பார்கள், ஆட்களுக்குக் கூலி கொடுப்பது நிற்காது. அப்படிப்பட்ட ஒருவர், இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்ற உத்தரவாதத்தோடு தொடங்கும் ஒரு கதையை இரவில் திறந்து வைத்துக்கொள்வதில் எனக்கு வியப்பு எதுவும் இல்லை.

1984-இல் ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், ஓர் ஊரில் இத்தகைய நாவல்களை விடாமல் படித்துவந்த பெண்களிடம் பேசி ஓர் ஆய்வை வெளியிட்டார். மகிழ்ச்சியான முடிவுதான் தங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் என்றும், வன்முறையையும் பச்சையான வருணனைகளையும் தாங்கள் விரும்புவதில்லை என்றும் அந்தப் பெண்கள் சொன்னார்கள். அவர்களுக்குப் பிடித்த கதாநாயகன், நாயகியைப் பேணுபவன், அவளைக் கவனிப்பவன். வீட்டில் எல்லோரையும் கவனித்துக்கொண்டிருந்த அவர்கள், தங்களை ஒருவர் கவனிப்பது எப்படி இருக்கும் என்பதைக் கதையில் அனுபவித்தார்கள். அதைவிட முக்கியமாக, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வதே, "இது என்னுடைய நேரம், இப்போது என்னைக் கூப்பிடாதீர்கள்" என்று வீட்டாருக்கு அறிவிக்கும் வழியாக அவர்களுக்கு இருந்தது. அவர் ஆய்ந்தது பெண்களை மட்டும்தான் என்றாலும், பாலாடையை வடிகட்டும் இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்ததற்கும் அந்தக் கவனிப்புதான் காரணம் என்று தோன்றுகிறது. ஆண்கள் இதைப் படிக்கக்கூடாது என்று எந்த நூல்நிலையத்திலும் எழுதி வைத்ததில்லை. அக்காவுக்காக எடுத்து வருகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்த காலத்தில் உங்களுக்கே அந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி உங்கள் மனைவியின் பக்கத்துக்கு வருவோம். அவர் கண்டது இவ்வளவுதான்: நள்ளிரவு, கைப்பேசி வெளிச்சம், கணவர் முகத்தில் வெகுநாளாகத் தாம் பார்த்திராத ஒரு சிரிப்பு, கேட்டவுடன் ஒரு பொய். இதை வைத்து அவர் போட்ட கணக்கு தவறாக இருக்கலாம். ஆனால் கையில் கிடைத்த எண்களை வைத்து அவர் சரியாகத்தான் கூட்டியிருக்கிறார். ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதிதாக மணமானவர்களைக் கவனித்து, 6 ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தார். கணவனோ மனைவியோ பேச்சுக்கு இழுக்கும் சின்னச் சின்னத் தருணங்களில் மற்றவர் அவர் பக்கம் திரும்பிப் பதில் கொடுத்த விகிதம், சேர்ந்து வாழ்ந்தவர்களிடையே 86 சதவீதமாகவும் பிரிந்துபோனவர்களிடையே 33 சதவீதமாகவும் இருந்ததாக அவர் சொல்கிறார். "யாருங்க அது?" என்பதில் சந்தேகம் இருந்தது உண்மைதான். அதற்குள் "எனக்கும் சொல்லுங்களேன்" என்ற அழைப்பும் இருந்தது. நீங்கள் வெள்ளி விலையைக் காட்டி அந்தக் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

எனவே படிப்பதை நிறுத்திவிட வேண்டாம். சத்தமில்லாமல் நிறுத்திவிட்டால், பிடிபட்டதும் தொடர்பைத் துண்டித்துக்கொண்டார் என்றுதான் அவர் எண்ணுவார்.

சொல்லிவிடுங்கள், சொல்லும் நாளைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள். கூலிப் பணமும் ஆட்களின் முன்பணக் கணக்கும் அவர் தலையில் சுழன்றுகொண்டிருக்கும் சனிக்கிழமை மாலை வேண்டாம். பட்டறை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து இருவரும் ஓய்வாக இருக்கும் நேரம் நல்லது. குற்றவாளி சாட்சியத்தை ஒப்படைப்பதுபோல் எடுத்த எடுப்பில் கைப்பேசியை நீட்டாதீர்கள். முதலில் வாயால் சொல்லுங்கள்: "அன்னைக்கு ராத்திரி வெள்ளி விலைன்னு சொன்னது பொய். நான் கதை படிச்சுட்டு இருந்தேன். சொல்லக் கூச்சமா இருந்துச்சு." இவ்வளவு போதும். அக்காவின் நாவல்கள், சைக்கிள், மர நிழல் எல்லாவற்றையும் பிறகு சொல்லலாம். அதன்பின் செயலியைத் திறந்து காட்டுங்கள். நீங்கள் படித்த கதைகளின் பட்டியல் அதிலேயே இருக்கும். அவர் விரும்பினால் கைப்பேசியை அவர் கையிலேயே விட்டுவிட்டு நீங்கள் எழுந்து போகலாம். அவர் நம்புவதற்கு எந்த வாதத்தையும்விட அந்தப் பட்டியல் உதவும்.

அவர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும், நீங்கள் பயந்த சிரிப்பு அதுவன்று. சிரிக்காமல், "எங்கிட்ட அப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்கவும் கூடும். அதற்குத்தான் நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். அங்கே வாக்குறுதி எதையும் அள்ளிவிட வேண்டாம். இனிமேல் படிக்கவே மாட்டேன் என்று சத்தியமும் செய்ய வேண்டாம். அந்தக் கேள்வி நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, அவர் சொல்வதை முழுவதுமாகக் கேளுங்கள். அது ஒரே நாளில் முடிகிற பேச்சாக இராது.

கதைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்த நாவல்களில் ஆசிரியர் ஓர் அத்தியாயத்தில் அவன் மனத்தையும் அடுத்ததில் அவள் மனத்தையும் நமக்குத் திறந்து காட்டிவிடுகிறார். அவளுக்குப் பாலாடை பிடிக்காது என்பதை அவன் கவனிக்கிறான் என்றால், அவன் கவனிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். வீட்டில் அந்த வசதி இல்லை. இத்தனை ஆண்டுகளாக உடன் வாழ்பவருக்கு என்ன பிடிக்கும் என்பது தானாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல், வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வதே நமக்குள்ள வழி. மற்றபடி, கதையில் வரும் கணவனையோ மனைவியையோ பக்கத்தில் நிறுத்தி யாரையும் அளக்காதீர்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் கதாநாயகர்கள் இந்தக் கதைகளில் நிறையப் பேர் வருகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி ஒருவருக்குக்கூடத் தலை சுற்றியதாக நான் படித்ததில்லை. அந்த அளவுக்குத்தான் அவர்களை நம்ப வேண்டும்.

படிக்கும் நேரத்தையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். தொடராக வரும் கதைகள், விட முடியாத இடத்தில் பார்த்துத்தான் 'தொடரும்' போடும். அடுத்த பாகம், அதற்கடுத்த பாகம் என்று நள்ளிரவு தாண்டிவிடும். முற்றுப்பெற்ற நாவலாக எடுத்துப் படித்தால் ஓர் அத்தியாயத்தோடு மூடிவைப்பது எளிது. நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து பற்றவைக்கும் வேலைக்குத் தூக்கம் குறைந்த கண்ணோடு போவது நல்லதன்று. இயன்றால் போர்வைக்குள் படிப்பதை விட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள். காகிதப் புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது. அட்டையைப் பார்த்தாலே அது என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எல்லாம் சொல்லியும் சந்தேகம் தீராமல் இருவரில் ஒருவருக்குத் தூக்கமும் பசியும் குறைந்துகொண்டே போனால் தள்ளிப்போட வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இருவரும் சேர்ந்தே போகலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, கட்டணம் இல்லாமல் பேசலாம்.

மச்சானிடம் நீங்களாகப் போய் எதுவும் விளக்க வேண்டாம். அவரிடம் சொன்னவர் உங்கள் மனைவி. உண்மை தெரிந்தபின் அண்ணனிடம் எதைச் சொல்வது, எந்த அளவுக்குச் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். பட்டறையில் இருப்பவர்களுக்கு நீங்கள் இருவருமே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அன்புடன்,
ஆலோசகர்