பழைய கையடக்கத் தொலைக்காட்சியில் ஒலி வருகிறது, படம் வரவில்லை, பழுது எங்கே?

முதலில், அனலாக் ஒளிபரப்பு நின்றுபோன இடங்களில் வெறும் புள்ளிகள் மட்டும் தெரிவது பழுதன்று என்பதால், ஏவி உள்ளீடு (வெளிக்கருவியின் படமும் ஒலியும் கம்பி வழியே நுழையும் துளை) இருந்தால் அதன் வழியாகப் படம் கொடுத்துச் சோதியுங்கள். 1982-இல் வந்த முதல் சோனி வாட்ச்மேன் தட்டையான படக்குழாய் கொண்டது. அவ்வகையில் உயர் மின்னழுத்தம் இருப்பதால், பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

எல்சிடி வகையில், ஒலி வந்தும் திரை இருண்டிருந்தால் கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், பின்விளக்குக் குழாயோ அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டரோதான் காரணம். இன்வெர்ட்டரிலும் பல நூறு வோல்ட் ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள்.

படம் வெளிறியோ, நிறம் திரிந்தோ, உருண்டோடியோ தெரிந்தால், என் முதல் சந்தேகம் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள், அதாவது உள்ளே திரவம் கொண்ட, மின்னூட்டத்தைச் சேமிக்கும் சிறு பாகங்கள் மீதுதான். குறிப்பாக 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் மின்சுற்றுப் பலகையின் மேற்பரப்பில் பற்றவைக்கப்பட்ட சிறு கெபாசிட்டர்கள் நாளடைவில் கசிந்து, அந்தத் திரவம் அருகிலுள்ள செம்புத் தடங்களையே அரித்துவிடுகிறது. ஆகவே அவற்றை மாற்றுவதோடு நிறுத்தாமல், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் பலகையைத் துடைத்து, தடங்களின் தொடர்ச்சியை மல்ட்டிமீட்டரால் சோதித்து, புதியவற்றை நேர், எதிர் முனை மாறாமல் பொருத்த வேண்டும்.

திரையில் சில கோடுகள் மட்டும் விடுபட்டிருந்தால், திரையையும் பலகையையும் இணைக்கும் மெல்லிய நாடாவின் ஒட்டு விட்டிருக்கக்கூடும். அதன்மேல் பற்றவைப்புக் கோலை நேரடியாக வைத்தால் நாடா உருகிவிடும்.