வால்வு ரேடியோ ரிப்பேர்: கேள்வி பதில்

கேள்வி: சார், தாத்தாவின் வால்வு ரேடியோ பல வருஷமாகப் பரணில் கிடந்தது. பிளக்கில் மாட்டிப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இவ்வளவு நாள் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) ஷார்ட் ஆனால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வையும் (கண்ணாடிக் குழாய்) மெயின் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் காலி பண்ணிவிடும். வால்வைத் தேடிப்பிடித்துவிடலாம், அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடைப்பதுதான் கஷ்டம். ரப்பர் உறை பொடிந்த மெயின் வயரை முதலில் மாற்றுங்கள். அப்புறம் கண்டென்சர்கள். அதன்பிறகு 60 வாட் குண்டு பல்பை சீரியஸில் (மின்சாரம் பல்பு வழியாகவே ரேடியோவுக்குப் போகும்படி) போட்டு மின்சாரம் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமலே எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: எல்லாக் கண்டென்சரையும் மாற்றணுமா அண்ணா?

பதில்: காகிதக் கண்டென்சர், எலக்ட்ரோலிட்டிக் இரண்டையும் மாற்றிவிடுங்கள் தம்பி. மைக்காவும் செராமிக்கும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மிக முக்கியமானது ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிடுக்கு (சிக்னல் நுழையும் முனை) முந்தைய வால்விலிருந்து சிக்னலைக் கொண்டுபோகும் கப்ளிங் கண்டென்சர், பல செட்டுகளில் 0.01 மைக்ரோஃபாரட். அது கசிந்தால் முந்தைய வால்வின் ஆனோடில் (சிக்னல் வெளிவரும் முனை) இருக்கும் வோல்டேஜ் கிரிடில் ஏறும். இஎல் 84 மாதிரி நல்ல வால்வுகூட சூடேறிச் செத்துப்போகும். அந்த இடத்தில் 630 வோல்ட் பாலியெஸ்டர் போடுங்கள். ஹம் (ஸ்பீக்கரில் கேட்கும் 'ம்ம்' இரைச்சல்) குறையட்டும் என்று, டிசியைச் சீராக்கும் ஃபில்டரில் 220 மைக்ரோஃபாரட் போடுகிறார்கள், அது தவறு. இஇசட் 80 ரெக்டிஃபையருக்கு அடுத்து வரும் முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது.

கேள்வி: ஐயா, எங்கள் செட்டில் மெயின் டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. உள்ளே இருக்கும் உலோகச் சட்டமான சேஸிஸைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது.

பதில்: அது ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் செட். வால்வுகளின் பெயர் யூசிஎச், யூஎல் என்று யூ-வில் தொடங்கும், பாருங்கள். அதில் சேஸிஸே மெயின் லைனோடு சேர்ந்திருக்கும். செட்டை மெயின் லைனிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்வரை திறந்து வைத்து ஓட்டாதீர்கள் அம்மா, உயிர் விஷயம். குமிழ்களின் ஸ்க்ரூ குழிகளையும் விரல் படாதபடி மெழுகால் அடைத்துவிடுங்கள்.

கேள்வி: டயல் கண்ணாடியை எதால் துடைப்பது?

பதில்: எழுத்து இல்லாத பக்கத்தை மட்டும் துடையுங்கள். மறுபக்கம் ஈரத்துணி பட்டால் ஊர்ப் பெயர்கள் துணியோடு வந்துவிடும். அங்கே காய்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

கேள்வி: சத்தம் குறைவாக வருகிறது. ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்ஃபார்மர் ஸ்க்ரூவைத் திருகலாமா?

பதில்: சோதனைக்கு சிக்னல் தரும் கருவியான சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் தொடாதீர்கள். திருகும்போது உள்ளே இருக்கும் கோர் (காந்தத் தண்டு) உடைந்தால் சரிசெய்வது பெரும்பாடு. முதலில் பத்து மீட்டர் வயரை ஏரியலாகக் கட்டி, பக்கத்தில் இருக்கும் எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ராத்திரி மீடியம் வேவில் கேட்டுப் பாருங்கள்.